நயம்பாராட்டலும் நிலைபேறும்: ‘நி வார்’ என்னும் ரசிகர் கதையின் வரலாறு

1976 மார்ச்சில் அமெரிக்காவின் பான்டம் நிறுவனம் மெல்லட்டைப் பதிப்பாக ஒரு கதைத்தொகுப்பை வெளியிட்டது. ‘ஸ்டார் ட்ரெக்: புதிய பயணங்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். ஏழாண்டுகளுக்கு முன்பே ஒளிபரப்பு நின்றுபோன ஒரு தொலைக்காட்சித் தொடரின் மாந்தரைக் கொண்டு ரசிகர்கள் எழுதிய எட்டுக் கதைகளும் ஒரு செய்யுளும் அதில் இடம்பெற்றன. தொகுத்த சோன்ட்ரா மார்ஷாக், மிர்னா கல்பிரெத் ஆகிய இருவரும் ரசிகர் வட்டத்தைச் சேர்ந்தவர்களே. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி நூலுக்கு முன்னுரை வழங்கினார். கதைகளுக்குத் தொடரின் நடிகர்கள் அறிமுகம் எழுதினர். தொகுப்பின் முதற்கதை ‘நி வார்’. எழுதியவர் கிளேர் கேப்ரியல். அதற்கு அறிமுகம் எழுதியவர், அக்கதையின் நாயகனான ஸ்போக் பாத்திரத்தைத் திரையில் ஏற்று நடித்த லெனார்ட் நிமோய்.

ரசிகர் கதைகள் பற்றிய கல்விப்புல ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. பிறருக்கு உரிமையான பாத்திரங்களைக் கொண்டு எழுதுவது எவ்வகைச் செயல் என்பது ஒன்று. இக்கதைகளை எழுதியோர் ஏன் பெரும்பாலும் பெண்களாக இருந்தனர் என்பது மற்றொன்று. 1992இல் வெளிவந்த ஹென்றி ஜென்கின்ஸின் நூல் முதல் வினாவையும், அதே ஆண்டில் வெளிவந்த கமில் பேகன்-ஸ்மித்தின் நூல் இரண்டாம் வினாவையும் முன்னிலைப்படுத்தின. விற்பனைக்கு வராத, நூலகத்தில் இடம்பெறாத, பாடமாக வைக்கப்படாத ஒரு கதை எவ்வாறு நிலைத்தது என்ற மூன்றாவது வினா அவ்வளவாகக் கேட்கப்படவில்லை. ‘நி வார்’ கதையின் வரலாற்றை நோக்கும்போது இவ்வினாவுக்கு ஒரு விடை புலப்படுகிறது. அக்கதையைத் தாங்கி வந்தது அதனை விரும்பியோரின் நயம்பாராட்டலே. இங்கு நயம்பாராட்டல் என்பது படைப்பு முடிந்தபின் வழங்கப்படும் தீர்ப்பன்று. தட்டச்சு செய்தல், படியெடுத்தல், அஞ்சலில் சேர்த்தல், மறுமொழி எழுதுதல், சொல்லைக் கடன்பெறுதல் என்னும் உழைப்புகளின் தொகுதி.

தமிழில் ‘ரசிகர்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. ரசிகமணி என டி.கே.சிதம்பரநாத முதலியார் போற்றப்பட்ட காலத்தில் அது கவிச்சுவை உணர்வோரைக் குறித்தது. பின்னர்த் திரைப்பட நடிகரைக் கொண்டாடுவோருக்கே உரியதாகச் சுருங்கியது. இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படும் ரசிகர்களுக்கு இரு பொருளும் ஒருசேரப் பொருந்தும்.

வழிநூலும் ரசிகர் கதையும்

ரசிகர் கதையைத் திருட்டு என்றோ போலி என்றோ கருதும் நோக்கு, ஒவ்வொரு படைப்பும் முற்றிலும் புதிதாக இருத்தல் வேண்டும் என்னும் பிற்காலக் கருத்தின் விளைவாகும். தமிழ் இலக்கண மரபுக்கு அக்கருத்து அயலானது. தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. ஸ்டார் ட்ரெக் ரசிகர் கதைகளில் மிகுதியானவை விரித்தல் வகையினவே. திரையில் ஓரிரு வாக்கியங்களில் சொல்லிச் செல்லப்பட்டதை எடுத்துக்கொண்டு அதன் உட்பொருளை அவை விரித்தன.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். வழிநூலாசிரியர் முதனூலின் வழியில் செல்வதற்கு மரபின் ஒப்புதல் உண்டு. ரசிகர் கதைக்கு அத்தகைய ஒப்புதல் இல்லை. தொடரின் உரிமை முதலில் டெசிலு நிறுவனத்திடமும், 1967 முதல் பாரமவுண்டிடமும் இருந்தது. பான்டம் நிறுவனமே ஜேம்ஸ் பிளிஷ் என்னும் தொழில்முறை எழுத்தாளரைக் கொண்டு தொடரின் கதைகளை உரைநடையாக்கி 1967 முதல் வெளியிட்டுவந்தது. அவ்வழியில் வராத எதுவும் அங்காடிக்கு வர இயலாது. ஆகவே ரசிகர் கதைக்கு விலையில்லை. விலையில்லாததால் அதற்குக் கிடைக்கக்கூடிய கூலி ஒன்றே ஒன்றுதான். அது வாசகரின் கடிதம்.

சைக்ளோஸ்டைல் தாளில் பிறந்த சொல்

ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கியது. என்டர்பிரைஸ் என்னும் விண்கலம், அதன் தலைவர் கிர்க், மருத்துவர் மக்காய், அறிவியல் அலுவலர் ஸ்போக் ஆகியோரைச் சுற்றி அது இயங்கியது. ஸ்போக்கின் தந்தை வல்கன் என்னும் கோளைச் சேர்ந்தவர். தாய் பூமியைச் சேர்ந்தவர். வல்கன் மக்கள் உணர்ச்சியை அடக்கி அறிவின்வழி வாழ்பவர்கள். இரு குலத்துக்கும் பிறந்து இரண்டிலும் முழுமையாக அடங்காத இப்பாத்திரமே ரசிகர் எழுத்தின் ஊற்றாக அமைந்தது. முதற்பருவத்தில் வல்கன் பற்றித் தொடர் தந்த செய்திகள் மிகச் சில. அக்குறையே எழுதுவோருக்கு இடமளித்தது.

1967 செப்டம்பரில் தேவ்ரா லாங்சம், ஷெர்னா கமர்ஃபோர்டு என்னும் இருவர் நியூயார்க் வட்டாரத்திலிருந்து ‘ஸ்போக்கனேலியா’ என்ற இதழை வெளியிட்டனர். ஸ்டார் ட்ரெக்குக்கு மட்டுமே உரிய முதல் ரசிகர் இதழாக அது கருதப்படுகிறது. 1970 வரை ஐந்து இதழ்கள் வந்தன. லாங்சம் நூலகர். தமிழ்நாட்டில் சைக்ளோஸ்டைல் என்று வழங்கும் முறையில்தான் இத்தகைய இதழ்கள் உருவாயின. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் நாடா இல்லாமல் தட்டச்சு செய்தல், பிழை நேர்ந்தால் திருத்துநீர் தடவி உலரவிட்டு மீண்டும் அடித்தல், உருளையில் பொருத்திக் கைப்பிடியால் சுற்றுதல், மேசையைச் சுற்றி நடந்து பக்கங்களை அடுக்குதல், முள்பூட்டுதல் ஆகிய அனைத்தும் வீட்டிலேயே நிகழ்ந்தன. ஒரு ஸ்டென்சில் தேய்வதற்குள் எத்தனை படிகள் எடுக்க இயலுமோ அத்தனையே அவ்விதழின் ஆயுள். ஒரு கதையைத் தேர்ந்து வெளியிடுவது என்பதன் பொருள், அக்கதையை ஓர் எழுத்து விடாமல் மறுபடி அடிக்க ஒருவர் தம் இரவுகளை ஒதுக்கினார் என்பதே. பாராட்டுக்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

அந்த முதல் இதழில் நிமோயின் கடிதம் ஒன்று இடம்பெற்றது. தொடர்ந்து வந்த இதழ்களைத் தொடரின் படைப்பாளிகளும் படித்தனர். தம் எழுத்தாளர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஒன்றாக ‘ஸ்போக்கனேலியா’ ஆகிவிட்டது என்று ராடன்பெரி அவ்விதழுக்கு எழுதினார். ஆனால் இவ்வரலாற்றில் இவற்றைவிட முதன்மையானது, முதல் இதழில் டோரதி ஜோன்ஸ் என்பவர் எழுதிய ஒரு கவிதை. மொழியியல் பயின்ற அவர் வல்கன் மக்களுக்கென ஒரு மொழியைக் கற்பித்து வந்தார். அம்மொழியில் ‘நி வார்’ என்பது ஒரு கலைவடிவத்தின் பெயர்; நேர்ப்பொருள் ‘இருவடிவம்’. வேறுபட்ட இரு பொருள்களையோ, ஒரே பொருளின் இரு கூறுகளையோ அருகருகே நிறுத்தி ஒப்பும் மாறும் காட்டுவது அவ்வடிவத்தின் இலக்கணம். ‘ரைஜெல் நிலப்பரப்பு’ என்னும் தம் கவிதையை அவர் ஒரு நி வாராகவே அமைத்தார்.

ஒரு கற்பனைக் குலத்துக்கு மொழி உண்டாக்கியோர் பலர். அக்குலத்துக்கு ஒரு யாப்பு வகையை உண்டாக்கி, அதன் இலக்கணத்தை வரையறுத்து, அதற்கு எடுத்துக்காட்டும் தாமே எழுதியது அரிதான செயலாகும். ஸ்போக் என்னும் பாத்திரத்தின் இயல்பே அந்த இலக்கணத்தில் அடங்கியிருந்தது. ஜோன்ஸ் வெளிப்படையாக ஸ்போக்கைப் பற்றித் திறனாய்வு எழுதவில்லை. ஆனால் ஒன்றின் இரு கூறுகள் என்னும் வரையறை, அப்பாத்திரத்தைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட பல பக்கத் திறனாய்வுகளைக் காட்டிலும் கூர்மையானது.

இரண்டு ஸ்போக்குகள்

கிளேர் கேப்ரியலின் கதை ரசிகர் இதழ் உலகில் முதலில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்று பொருள்படும் தலைப்பில் வழங்கியது. கிப்ளிங்கின் கவிதை ஒன்றுக்கும் அதுவே தலைப்பு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் கைவிடும்போதும் உடன்நிற்கும் நண்பனைப் பற்றியது அக்கவிதை. தமிழ் வாசகருக்கு 1965ஆம் ஆண்டுத் திரைப்படம் நினைவுக்கு வரின் வியப்பில்லை, தொடர்பு எதுவும் இல்லை. பான்டம் தொகுப்புக்காகச் சுருக்கி அமைக்கப்பட்டபோது கதை ‘நி வார்’ எனப் பெயர் பெற்றது. ஜோன்ஸ் படைத்த சொல்லைக் கேப்ரியல் தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

கதையின் கரு எளியது. ஒரு பொறியின் விளைவாக ஸ்போக் இருவராகப் பிரிகிறான்: ஒருவன் மனிதன், மற்றவன் வல்கன். இக்கருவின் அருமையை உணர, இதே வகைக் கருவைப் பிறர் கையாண்ட முறையோடு ஒப்பிட வேண்டும்.

முதலாவது, தொடரிலேயே 1966 அக்டோபர் 6 அன்று ஒளிபரப்பான ‘உள்ளிருக்கும் பகை’ என்னும் பகுதி. ரிச்சர்ட் மாத்தசன் எழுதியது. ஆள்களைக் கோளுக்கும் கலத்துக்கும் இடையே ஒளிக்கற்றையாக்கி அனுப்பும் பொறி பழுதுபட, தலைவர் கிர்க் இருவராகிறார். ஒருவரிடம் கனிவும் பண்பும் இருக்கின்றன. மற்றவரிடம் வெறியும் இச்சையும் இருக்கின்றன. கனிவு மட்டும் எஞ்சியவரால் முடிவெடுக்க இயலவில்லை. தலைமைக்குத் தீமையின் வலிமையும் வேண்டும் என்பது அப்பகுதியின் முடிபு. சிந்திக்கத்தக்க முடிபுதான். எனினும் பிளவுக்கோடு நன்மைக்கும் தீமைக்கும் இடையே விழுகிறது. அது பழகிய கோடு. அதே பகுதியில் ஸ்போக் தன்னைப் பற்றிக் கூறும் ஒரு குறிப்பு உண்டு: தன்னுள் மனிதப் பாதியும் வேற்றுலகப் பாதியும் ஓயாது போரிடுகின்றன என்றும், தன் அறிவு இரண்டையும் வென்று நிற்பதால் தான் பிழைத்திருப்பதாகவும் அவன் சொல்கிறான். தொடர் அக்குறிப்பை அவ்விடத்திலேயே விட்டுவிட்டுக் கிர்க்கின் சிக்கலுக்குத் திரும்பிவிடுகிறது.

இரண்டாவது, பிளிஷ் 1970இல் எழுதிய ‘ஸ்போக் சாகவேண்டும்!’ என்னும் புதினம். இங்கும் இரண்டு ஸ்போக்குகள் தோன்றுகின்றனர். ஆனால் ஒருவன் அசல், மற்றவன் கண்ணாடிப் பிம்பம் போல வலமிடம் மாறிய நகல். நகல் பகைவரோடு சேர்பவன். எவன் அசல் என்று கண்டறிவதும் நகலை ஒழிப்பதும் கதையின் ஓட்டம். தேர்ந்த கைவினைஞரின் புதிர்க்கதை அது. முடிச்சுகள் இறுக்கமாக அமைந்துள்ளன. ஆயினும் ஸ்போக் என்னும் ஆளைப் பற்றிக் கதை முடிந்தபின் வாசகர் அறிவது அதிகமில்லை.

கேப்ரியல் கோட்டை வேறிடத்தில் இட்டார். அவரது கதையில் அசல், நகல் என்ற பாகுபாடு இல்லை. நல்லவன், தீயவன் என்ற பாகுபாடும் இல்லை. இருவருமே ஸ்போக். தொடர் கைவிட்ட அந்த ஒரு குறிப்பை, போரிடும் இரு பாதிகள் என்பதை, எழுத்தளவாக எடுத்துக்கொண்டு விரித்ததே இக்கதை. போர் முடிந்தது, இரு பாதிகளும் தனித்தனியே விடுதலை பெற்றன, இனி என்ன என்பது கதை கேட்கும் கேள்வி. போர்தான் ஆளாக இருந்தது என்றால், அமைதி கிடைத்த கணத்தில் ஆள் எங்கே போனான்? பழைய தலைப்பு உணர்த்துவது போல, இக்கேள்வி நண்பனின் மேல் சுமையாக விழுகிறது. கிர்க் நட்புக் கொண்டிருந்தது எந்தப் பாதியோடு? ஒருவனை ஏற்று மற்றவனை ஒதுக்க நட்புக்கு உரிமை உண்டா? மனிதனாகிய பாதியிடம் வெளிப்படையான அன்பும், வல்கனாகிய பாதியிடம் தெளிவும் தனித்தனியே கிடைத்தபோதும், இரண்டும் ஒன்றையொன்று தடுத்து நின்ற அந்த இடைவெளியில் வாழ்ந்தவனே கிர்க்கின் நண்பன்.

கலப்புக் குடும்பங்களில் பிறந்தோர், புலம்பெயர்ந்தோர், இரு மொழியில் வளர்ந்தோர் ஆகியோர் இக்கதையில் தம்மைக் காண்பது இயல்பு. அமெரிக்காவில் வெவ்வேறு இனத்தவரிடையே நடக்கும் திருமணத்தைத் தடைசெய்த மாநிலச் சட்டங்களை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1967 ஜூன் மாதத்தில்தான் செல்லாதவை என்றது. ‘ஸ்போக்கனேலியா’ முதல் இதழ் வந்தது அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின். இரு குலத்தின் பிள்ளை என்னும் பாத்திரத்தைப் பிழையாகவோ நோயாகவோ காணாமல் ஒரு கலைவடிவமாகக் காணும் பார்வை அக்காலத்தில் எளிதாகக் கிடைத்ததன்று. தொழில்முறைப் படைப்புகள் இரண்டும் பிளவை ஒரு விபத்தாகக் கண்டு சரிசெய்ய முயன்றன. ஜோன்ஸும் கேப்ரியலும் பிளவையே உருவமாகக் கண்டனர். தகுதியால் மூன்றையும் வரிசைப்படுத்தின், கைத்திறத்தில் பிளிஷ் முன்னிற்பார். பாத்திரத்தை அறிந்த ஆழத்தில் ரசிகரே முன்னிற்பார்.

கடிதம் என்னும் கூலி

ரசிகர் இதழ்களின் வேர் கடிதத்தில் உள்ளது. 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ், வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டது. முகவரி கிடைத்தோர் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர். அவ்வாறு உருவான குழுக்களிலிருந்து 1930இல் சிகாகோவில் ‘தி காமெட்’ என்னும் இதழ் பிறந்தது. ரசிகர் இதழைக் குறிக்கும் ‘ஃபேன்சீன்’ என்ற சொல் 1940இல்தான் ஆக்கப்பட்டது. அறிவியல் புனைகதை வட்டாரத்தில் ஓர் இதழைப் பெறுவதற்கு மூன்று வழிகள் இருந்தன: படைப்பு அனுப்புதல், மாற்றிதழ் அனுப்புதல், முந்தைய இதழைப் பற்றிக் கருத்துக்கடிதம் எழுதுதல். கடிதம் எழுதினால் இதழ் விலையின்றி வரும். பாராட்டு நாணயமாகச் செலாவணியான ஓர் உலகம் அது.

ஸ்டார் ட்ரெக் இதழ்கள் பக்கம் பெருத்தவை. தாளும் மையும் அஞ்சலும் அடக்கவிலைக்கே கட்டுப்படியாகவில்லை. ஆதலால் அவை பணத்துக்கு விற்கப்பட்டன. எழுதியவருக்குக் கிடைத்தவை ஒரு படியும் வாசகர் கடிதங்களுமே. கடிதத்தின் பயன் அங்கு மாறியது. பண்டமாற்றுப் பொருள் என்ற நிலையிலிருந்து அது விமரிசனமாகவும், சில வேளைகளில் அடுத்த கதையின் வித்தாகவும் ஆயிற்று. இதழ்க் கடிதங்களுக்கு இடம் போதாமல், கடிதங்களுக்கென்றே தனி இதழ்களும் எழுந்தன. 1974இல் தொடங்கிய ‘ஹால்கன் கவுன்சில்’, 1977 முதல் 1991 வரை வந்த ‘இன்டர்ஸ்டாட்’ ஆகியன அவ்வகையின.

பாராட்டு கடிதத்தோடு நிற்கவில்லை, மறுகதையாகவும் வடிவெடுத்தது. ஜீன் லோராவும் வில்லார்ட் ஹன்ட்டும் 1968இல் ‘ஸ்போக்கனேலியா’வில் எழுதிய ஒரு கதையில், மெய்யான கிர்க்கும் ஸ்போக்கும் மக்காயும் தொலைக்காட்சிப் படப்பிடிப்புத் தளத்தில் வந்து விழுகின்றனர். அதைப் படித்து மகிழ்ந்த ரூத் பெர்மன் அதன் மறுபாதியை எழுதினார்: நடிகர்கள் மூவரும் மெய்யான என்டர்பிரைஸ் கலத்தில் சிக்கி, கற்ற வசனத்தைக் கொண்டு ஒரு கலத்தை நடத்த வேண்டியவர்களாகின்றனர். இரு கதைகளையும் சேர்த்துப் படித்தால், அவையே ஒரு நி வார் ஆகின்றன. பெர்மனின் கதையும் 1976 தொகுப்பில் உண்டு. நடிகரை மெய்யான வீரர் என்று வேற்றுலகத்தார் நம்பிவிடும் ‘கேலக்ஸி குவெஸ்ட்’ திரைப்படம் வந்தது 1999இல். ஜாக்குலின் லிக்டன்பெர்க் 1969 முதல் எழுதிய ‘க்ரெய்த்’ கதைவரிசையோ இன்னும் விரிந்தது. அதில் ஐம்பது பேரளவில் பங்கேற்றனர். அங்கு வாசகர் யார், ஆசிரியர் யார் என்று பிரிப்பது கடினம்.

இவற்றோடு ஒப்பிட, கண்டனத்தின் வரலாறு வேறாக அமைந்தது. 1973இல் ‘மெனாஜரி’ என்னும் இதழில் பவுலா ஸ்மித் ஒரு சிறு நையாண்டி எழுதினார். வந்து குவியும் கதைகளில் எல்லாம் வல்ல இளம்பெண் ஒருத்தி கலத்தில் சேர்ந்து, அனைவர் மனத்தையும் கவர்ந்து, அழகாக மடிகிறாள் என்பதைக் கேலிசெய்த அந்நையாண்டியின் நாயகி மேரி சூ. அப்பெயர் இன்று உலகெங்கும் திறனாய்வுக் கலைச்சொல். அச்சொல்லுக்கு அஞ்சிப் பெண் எழுத்தாளர்கள் தம் கதைகளில் வலிமையான பெண்பாத்திரங்களையே தவிர்த்ததைப் பேகன்-ஸ்மித் பதிவு செய்துள்ளார். சில நூறு சொற்களால் ஆன பகடி ஓர் ஆயுதமாக நிலைபெற்றது. ஆயிரக்கணக்கான கடிதங்களில் பொழிந்த பாராட்டு ஒரு கலைச்சொல்லையும் ஈன்றதாகத் தெரியவில்லை. ரசிகர் எழுத்தின் வரலாற்றை எழுதுவோர் மேரி சூவை எடுத்துக்காட்டாமல் இருப்பதில்லை. கடிதப் பக்கங்களை அவர்கள் புரட்டுவது குறைவு. ஆய்வுலகின் இந்தச் சாய்வு, ரசிகர் உலகம் ஏளனத்தால் இயங்கியது என்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. நிலைமை நேர்மாறானது.

சிறப்புப்பாயிரமும் அங்காடியும்

தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று கூறும் நன்னூல், நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் இன்னார் என வகுக்கிறது. ஆசிரியனும், உடன்கற்றோனும், மாணாக்கனும், தகுதியுடைய உரைகாரனும் அதற்கு உரியோர். ரசிகர் இதழ் உலகில் இந்நால்வரும் ஒருவரே. இவ்வாண்டு ஒருவர் எழுதியதைத் தட்டச்சு செய்தவர் மறு ஆண்டில் தாம் எழுத, முன்னவர் அதற்குக் கடிதம் வரைந்தார்.

1976 தொகுப்பு இம்முறையைக் குலைத்து வேறொன்றை அமைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் லிக்டன்பெர்க், மார்ஷாக், ஜோன் வின்ஸ்டன் மூவரும் எழுதிய ‘ஸ்டார் ட்ரெக் லிவ்ஸ்!’ என்னும் பான்டம் நூல், ரசிகர் கதைகள் என ஒன்று உண்டு என்பதையே பல்லாயிரம் வாசகருக்கு முதன்முதலாக அறிவித்திருந்தது. அதன் தொடர்ச்சியாகத் தொகுப்பு வந்தபோது, பாயிரம் செய்தோர் உடன்கற்றோர் அல்லர், நடிகர்கள். நிமோய் கேப்ரியலின் கதைக்கும், வில்லியம் ஷாட்னர் ஷெர்லி மேயெவ்ஸ்கியின் ‘மைண்ட் சிஃப்டர்’ கதைக்கும் அறிமுகம் எழுதினர். உருவகமாகச் சொன்னால், பாட்டுடைத் தலைவனே வந்து பாட்டுக்குப் பாயிரம் பாடிய நிகழ்ச்சி அது. இலக்கிய வரலாற்றில் இதற்கு இணை காண்பது அரிது. ஸ்போக் இரண்டாகும் கதையை, ஸ்போக்காகவும் நிமோயாகவும் இரண்டாகி வாழ்ந்த நடிகர் முன்மொழிந்தது பொருத்தத்தின் உச்சம். முந்தைய ஆண்டிலேதான் அவர் ‘நான் ஸ்போக் அல்லேன்’ என்று பொருள்படும் தலைப்பில் தன்வரலாறு வெளியிட்டிருந்தார். 1995இல் ‘நான் ஸ்போக்’ என்று மற்றொன்று எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தலைப்புகளே நி வார்.

பாராட்டுக்கு விலையும் இருந்தது. கேப்ரியலின் கதை சுருங்கியது. மேயெவ்ஸ்கியின் கதையும் ரசிகர் இதழில் வந்த வடிவிலிருந்து வேறுபட்ட வடிவிலேயே அச்சேறியது. இன்று பெரும்பாலோர் படித்திருப்பது பான்டம் வடிவத்தையே. மூலபாட ஆய்வு என்பது சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்விரு கதைகளும் உணர்த்துகின்றன. சைக்ளோஸ்டைல் படியும் மெல்லட்டைப் படியும் ஒப்பிட்டு நோக்கப்பட வேண்டியவை. ‘மைண்ட் சிஃப்டர்’ கதையை 2014இல் ரசிகர் குழு ஒன்று படமாக்கியது. அக்குழு தன் தொடருக்குப் ‘புதிய பயணங்கள்’ என்று அத்தொகுப்பின் பெயரையே வைத்திருந்தது. இரண்டாண்டுகளில், 2016இல், உரிமையாளர்கள் ரசிகர் படங்களுக்கு நெறிமுறை வகுத்து, ஒரு கதைக்குப் பதினைந்து நிமிடம் என வரையறுத்தனர். இரு பகுதிகளாயின் முப்பது நிமிடம்.

பெயர் மாறிய கோள்

‘நி வார்’ என்னும் சொல் கதையை விட்டுத் தனியே பயணம் செய்தது. 2002இல் ‘என்டர்பிரைஸ்’ என்னும் பிற்காலத் தொடரில் வல்கன் கலம் ஒன்றுக்கு அது பெயராயிற்று. பெயர் மட்டும் கடந்துபோகும் அத்தோற்றத்தை ரசிகர்களுக்கு எழுத்தாளர்கள் காட்டிய கண்சாடை எனலாம். 2020 நவம்பர் 26 அன்று ‘டிஸ்கவரி’ தொடரில் வெளியான ‘ஒருங்கிணைவு 3’ என்னும் பகுதியிலோ நிலைமை வேறு. அதனை எழுதிய கிர்ஸ்டன் பேயர், ஸ்டார் ட்ரெக் புதினங்கள் பலவற்றை எழுதித் தேர்ந்தவர். பண்டைக் காலத்தில் வல்கனிலிருந்து பிரிந்துபோன ராமுலன் மக்கள் திரும்பிவந்து சேர்ந்து வாழ்கின்றனர். அதன்பின் கோளுக்கு வல்கன் என்ற பெயர் பொருந்தாமல் போய், நி வார் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. அவ்விணைவுக்காக 1991ஆம் ஆண்டுக் கதையொன்றில் உழைக்கத் தொடங்கியவன் ஸ்போக். தமிழகக் கடற்கரையை நிவர் புயல் கடந்த அதே வாரத்தில் அப்பகுதி வெளியானது வெறும் ஒலியொப்புமை. அப்பெயர் ஈரான் தந்தது.

ஜோன்ஸ் வகுத்த இலக்கணம் இங்கு வழுவின்றிப் பொருந்துவதைக் காணலாம். வல்கனும் ராமுலனும் ஒரே குலத்தின் இரு கூறுகள். கவிதையின் வடிவத்துக்கு இடப்பட்ட பெயர் கேப்ரியலிடம் ஓர் ஆளின் நிலைக்குப் பெயராகி, ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாட்டின் பெயராயிற்று. சொல்லை எடுத்தாண்ட ஒவ்வொருவரும் அதன் பொருளை அறிந்தே எடுத்தாண்டனர் என்பதற்கு இப்பொருத்தமே சான்று. முன்னோர் மொழிபொருளைப் பொன்னேபோல் போற்றுதல் என்று இலக்கணிகள் கூறுவது இத்தகைய கையாளுகையையே.

எனினும் ஒரு திசையில் கணக்கு நேராகவில்லை. ரசிகர் முதனூலின் சொல்லை எடுத்தால் அதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும்; முதனூல் ரசிகரின் சொல்லை எடுத்தால் அது கௌரவம் எனப்படுகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கும் சட்டம் இல்லை. கௌரவம் என்பது பொய்யன்று. 1967இல் அக்கவிதையைத் தட்டச்சு செய்தவர்கள் அதை மகிழ்வோடு ஏற்றிருப்பர் என்று கருத இடமுண்டு. ஆயினும் டிஸ்கவரியின் கதையுலகில் அப்பெயருக்குரிய காரணம் வல்கன், ராமுலன் வரலாற்றோடு முடிந்துவிடுகிறது. சொல்லைப் படைத்தவர் பெயரை அறிய விரும்புவோர் திரைக்கு வெளியே வரவேண்டும். அங்கும் அவர்களுக்கு வழிகாட்டுபவை ரசிகர்கள் தொகுத்த கலைக்களஞ்சியங்களும், 1967 முதல் 1987 வரையான ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழ்களை ஆண்டுவாரியாகப் பதிந்த ஜோன் மேரி வெர்பாவின் நூலுமே.

ரசிகர் ஆக்கங்களைக் காக்கும் நோக்கில் 2007இல் தொடங்கப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று, 2009 முதல் இணையத்தில் ஒரு பெருங்காப்பகத்தை நடத்திவருகிறது. 2019இல் அதற்கு ஹியூகோ விருது கிட்டியது. அக்காப்பகத்தில் ஒரு கதையைப் பாராட்ட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எண்ணிக்கை ஒன்று கூடும். தாள் இதழ்களைப் பொறுத்தவரை அவ்வமைப்பு அயோவா பல்கலைக்கழக நூலகத்துடன் இணைந்து செயல்படுகிறது. அந்நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகளில் ரசிகர் இதழ்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டுள்ளன. கதைகளின் பெயராலும் ஆசிரியர் பெயராலும் அவற்றைத் தேடுவோர் உண்டு. பின்பக்கங்களில் நெருக்கமாக அடிக்கப்பட்ட கடிதங்களுக்கு இன்னும் ஓர் அடைவு உருவாகவேண்டியுள்ளது.